ஆறு நாற்பது வண்டி

வென் தியான்-லு வீட்டில் குப்பையை சூப் வைத்துக் குடித்த கதை, சூப் ஆறுவதற்கு முன்பே சந்து முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது எதிரி யாருமில்லை. கட்டின பெண்டாட்டி யூ-ஜுதான். நாலாவது மாடிப் பால்கனியில் நின்றுகொண்டு, சந்து முனையில் வெங்காயத்தாள் ரொட்டி சுடும் ஆ-ஷியாவுக்கு அவள் ஒரு செய்தியைச் சொன்னால், அது வானொலியில் சொன்ன மாதிரி.

நடந்தது இவ்வளவுதான். தைப்பேயில் குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது. மாலையில் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டே வரும். அவரவர் நீலப் பையை அவரவர் கையால் அதன் வாயில் வீச வேண்டும். வண்டி போய்விட்டால் குப்பை மறுபடி நம் வீட்டு விருந்தாளி. மீன் தலையும் இறால் ஓடும் உள்ள விருந்தாளி என்றால், நாறாமல் இருக்க ஒரே வழி, கட்டி ஃப்ரீசரில் வைப்பதுதான். எல்லார் வீட்டிலும் செய்கிற வேலை. வென் இரண்டு நாள் தொடர்ந்து வண்டியைத் தவறவிட்டார். ஃப்ரீசர் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை லின்கோவிலிருந்து பார்க்க வந்த மகள் பெய்-ஷான், ‘பாவம், அம்மா சூப்புக்கு என்று சேர்த்து வைத்திருக்கிறாள்’ என்று நினைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, அரிசி மது ஊற்றி, பாசத்தோடு கொதிக்க வைத்துவிட்டாள்.

வென் இரண்டு கிண்ணம் குடித்தார். “உங்கம்மா கைப்பக்குவத்தவிட நல்லா இருக்கு” என்று வேறு சொன்னார். மூன்றாவது கிண்ணத்துக்குக் கரண்டியை விட்டபோது ஒரு தேயிலைப் பை மேலே வந்தது. அதன் பின்னால் பப்பாளித் தோல்.

யூ-ஜு சமையலறைக்குள் வந்து, சட்டியைப் பார்த்து, ஃப்ரீசரைத் திறந்து பார்த்து, மறுபடி சட்டியைப் பார்த்தாள்.

“யோவ், எத்தன கிண்ணம் குடிச்ச?”

“ரெண்டு.”

“அப்போ ரெண்டு நாள் குப்பை தீந்துச்சு. இனி வண்டிக்கு ஏன் போற? மிச்சத்தையும் குடிச்சிரு.”

யூ-ஜு பால்கனிக்குப் போய்விட்டாள். பெய்-ஷான் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சூப்பைக் கொட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். வங்கியில் கடன் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்கிற வேலை அவளுக்கு. முகம் அதற்கு ஏற்ற மாதிரியே பழகிப்போயிருந்தது.

“அப்பா, நாலு மாடி. அறுபத்தி நாலு படி. அம்மா முழங்கால் போயிருச்சு. உங்களால வண்டியப் பிடிக்க முடியல. எங்க கட்டடத்துல லிஃப்ட் இருக்கு. கீழ்த்தளத்துல குப்பை அறை இருக்கு. எப்ப வேணும்னாலும் போடலாம். பக்கத்து வீடு காலியாகுது. வந்துருங்க.”

“எப்ப வேணும்னாலுமா?” என்றார் வென்.

“எப்ப வேணும்னாலும்.”

அந்த வார்த்தைதான் அவருக்கு உறுத்தியது. முப்பத்திரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர் அவர். நேரம் என்றால் நேரம். ஆறு பதினேழு என்றால், ஆறு பதினெட்டுக்கு வருகிறவன் அடுத்த வண்டிக்கு வந்தவன். கைதூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களைப் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கதவை மூடிவிடுவார். கத்துவார்கள். “எனக்கும் நேரம் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கிளப்பிவிடுவார். எப்ப வேணும்னாலும் செய்யலாம் என்றால், எப்பவும் செய்யாமலும் இருக்கலாம் என்றுதானே அர்த்தம்? அந்தக் குப்பை அறையில் யார் நிற்பார்கள்? யார் யாரை வம்புக்கு இழுப்பார்கள்?

“ரெண்டு நாள் தவறுச்சு. அவ்வளவுதான?” என்றார். “நாலு வாரம் குடு. புதன், ஞாயிறு வண்டி கெடையாது. மிச்சம் இருபது வண்டி. இருபதையும் நானே பிடிக்கிறேன். ஒண்ணு தவறினாலும் லின்கோவுக்கு வரேன். வாயத் தொறக்க மாட்டேன். பிடிச்சிட்டேன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது.”

“யாரும் தூக்கிக் குடுக்கக் கூடாது.”

“என் குப்பை. என் கை.”

“சரி. ஆனா சாட்சி வேணும்” என்ற பெய்-ஷான் அப்போதே கீழே இறங்கிப் போய் ஆ-ஷியாவை நடுவராக நியமித்துவிட்டு வந்தாள். எதிரி நாட்டிலிருந்து ஆள் எடுக்கத் தெரிந்த பெண்.

ஆ-ஷியாவுக்கு வென் மேல் முப்பது வருடப் பாக்கி ஒன்று இருந்தது. அவள் இளவயதில் ஒரு நாள், கடைக்கு வெங்காயத்தாள் கட்டோடு பேருந்துக்கு ஓடி வந்தாள். கட்டை முதலில் உள்ளே நீட்டினாள். வென் கதவை மூடினார். கதவில் சிக்கிய வெங்காயத்தாள் பாதி உள்ளே, பாதி வெளியே என்று அடுத்த நிறுத்தமான மண் தெய்வக் கோயில் வரை கொடி மாதிரி பறந்துகொண்டே போயிற்று. ஆ-ஷியா பின்னாலேயே ஓடிப் போய்க் கோயில் வாசலில் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு இந்தச் சந்துக்கே வென் குடிவந்தது விதியின் குறும்பு. அவள் அதை ஒரு நாளும் விட்டதில்லை.

“டிரைவரண்ணே,” என்று மறுநாள் திங்கட்கிழமை அவரைப் பார்த்ததும் கரண்டியை ஆட்டினாள். “நடுவரா நிக்கிறதுக்கு எனக்கு எதுவும் வேணாம். வண்டி கெளம்பின பின்னாடி பை விழுந்தா கணக்குல இல்ல. கதவு சாத்துனா சாத்துனதுதான். இது யாரு சொன்ன சட்டம்?”

வென் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் அவர் பழைய முறையில்தான் போனார். பழைய முறை என்றால், பாட்டு கேட்டதும் கிளம்புவது. நாற்பத்தைந்து வயதில் அது போதுமானதாக இருந்தது. பாட்டின் முதல் அடி முடிவதற்குள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கீழே நிற்பார். இப்போது முதல் சிக்கல், பாட்டே கேட்கவில்லை. இடது காது எப்போது ஓய்வு பெற்றது என்று அவருக்கே தெரியாது. அது விடைபெறும் விருந்து எதுவும் வைக்காமல் போய்விட்டது. யூ-ஜு காதுதான் கேட்டது. வண்டி இரண்டு சந்து தள்ளி வரும்போதே, “யோவ், வந்துருச்சு” என்பாள். அவளால் இறங்க முடியாது, அவரால் கேட்க முடியாது. காது அவளுடையது, கால் அவருடையது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்த வீட்டில் ஒரு முழு ஆள்.

இரண்டாவது சிக்கல், படிகள். எண்ணிக்கை அதே அறுபத்து நாலுதான், எண்ணிப் பார்த்துவிட்டார். ஆனால் யாரோ ஒவ்வொன்றையும் ஒரு விரற்கடை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்கவே இப்படித்தான் யாரோ கைவைத்திருந்தார்கள். பேருந்தின் நெற்றியில் எழுதிய எண் சிறுத்துப்போனது. மருந்துப் பையின் எழுத்து எறும்பாகிவிட்டது. போன மாதம் ஒரு பள்ளிக்கூடப் பெண் பேருந்தில் எழுந்து நின்று இடம் கொடுத்தாள். வென் திரும்பிப் பார்த்தார், பின்னால் எந்தக் கிழவன் நிற்கிறான் என்று. பின்னால் யாருமில்லை. இறங்க வேண்டிய இடத்துக்கு மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, கோபத்தில் நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை வண்டி ஏறக்குறைய நகர்ந்துவிட்டது. பையை மூன்றடி தூரத்திலிருந்து வீசினார். அது வாயின் விளிம்பில் பட்டு, யோசித்து, உள்ளே விழுந்தது.

“டயர் உருண்டுச்சு” என்றாள் ஆ-ஷியா.

“உருளல. பிரேக்க விட்டான், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியாதா?”

“ம். ஓட்டுனவன் சொல்றான். போகட்டும்.”

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வென் பழைய நாள்காட்டியைக் கிழித்து, பின்பக்கத்தில் கோடு போட்டார். ஒரு மணி நேரம் தலை நிமிரவில்லை. பிறகு அதைக் கதவின் உட்புறம் ஒட்டினார். யூ-ஜு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து படித்தாள்.

‘நாலாவது மாடி, புறப்பாடு 6.22. மூன்றாவது மாடி செருப்பு அலமாரி நிறுத்தம், இரண்டு நிமிடம். இரண்டாவது மாடி நிறுத்தம், ஒரு நிமிடம். தரை, வருகை 6.30. சந்து முனை 6.33.’

“பயணிகள் யாரு?”

“குப்பை.”

“வண்டி ஆறு நாப்பதுக்குத்தான வரும். ஏழு நிமிஷம் அங்க என்ன பண்ணுவ?”

“நிப்பேன். இத்தன நாளு பாட்டு கேட்டு நான் ஓடினேன். இனிமே நான் நிப்பேன், அது வரட்டும்.”

யூ-ஜு தாளின் ஓரத்தை அழுத்தி ஒட்டினாள். “நீ ஜெயிச்சா எனக்கு லாபமா நட்டமான்னே தெரியல” என்றாள். “லிஃப்ட் இருந்தா நானும் நாலு எடத்துக்குப் போவேன்.”

வென் இதை எதிர்பார்க்கவில்லை. பேனாவை மூடினார். திறந்தார். “அப்ப தோத்துரட்டுமா?”

“தோத்துட்டு வந்தீன்னா அங்க போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்துருப்ப. அதப் பாக்கணும்னு எனக்குத் தலையெழுத்தா? போகணும்னா நாமளா போகணும், தோத்துட்டு இல்ல.” பேசிக்கொண்டே போய் உட்கார்ந்தாள். “அங்க போனா பாட்டு வேற கேக்காது. என் காதுக்கு என்ன வேலை?”

இரண்டாம் வாரம் கால அட்டவணை நன்றாக ஓடியது, வியாழக்கிழமை வரை. அன்று மூன்றாவது மாடி நிறுத்தத்தில், அந்த வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வெளியே வைத்திருந்த செருப்பு அலமாரியைத் தாண்டும்போது, யாரோ அவிழ்த்துப் போட்டிருந்த மழைக்காலணியில் கால் மாட்டி, நாலு படி உட்கார்ந்தபடியே இறங்கினார். பை கிழியவில்லை. அதை முதலில் பார்த்தார். பிறகுதான் முழங்கையைப் பார்த்தார். எழுந்து, கைப்பிடியைப் பிடித்து, நேரம் பார்த்தார். ஒன்றரை நிமிடத் தாமதம். இரண்டாவது மாடியில் நிற்காமல் நேராக இறங்கிப் போய் வண்டியில் பையைப் போட்டார். ஆ-ஷியா அவர் முழங்கையைப் பார்த்தாள். ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

வீட்டில் யூ-ஜு தைலம் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கும்போது தேவைக்கு அதிகமாகவே அழுத்தினாள்.

“பெய்-ஷான்கிட்ட சொல்லாத” என்றார் வென்.

“சொன்னா அவ இன்னிக்கே லாரி கொண்டு வந்துருவா. விழுறதுன்னா விழு. எனக்குக் கேக்குற மாதிரி விழு. சத்தம் போடாம விழுந்து தொலைக்காத.”

மறுநாள் முதல் கதவில் இருந்த தாளில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: ‘வலது கை கைப்பிடியில். எப்போதும்.’ புறப்பாடு 6.20 ஆயிற்று.

மூன்றாம் வாரம்தான் அந்த அசிங்கம் நடந்தது. விழுந்தது அவருக்குப் பெரிய விஷயமே இல்லை; படியோடு சண்டை போடலாம். இது வேறு.

அன்று அவர் 6.30க்கே சந்து முனையில் இருந்தார். அட்டவணைக்கு ஒரு நிமிடம் முன்னால். வலது கையில் நீலப் பை, இடது கையில் மிச்சச் சோற்று வாளி, மூடியோடு. மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. ஆ-ஷியாவின் கடை பூட்டியிருந்தது. வேறு ஒருவரும் வரவில்லை. ‘ஒருத்தனுக்கும் நேரம் தெரியல. எல்லாம் கடைசி நிமிஷத்துல ஓடி வருவானுங்க’ என்று நினைத்துக்கொண்டார். ஆறு நாற்பது ஆயிற்று. வண்டி வரவில்லை. ஆறு ஐம்பது. ‘ஓட்டுறவன் புதுசு போல.’ ஏழு. நகராட்சிக்கு எழுத வேண்டிய புகாரை மனதுக்குள் இரண்டு பத்தி எழுதி முடித்துவிட்டார். கடுமையான பத்திகள். அப்போது கடைத்தெருவுக்குப் போய்விட்டுக் குடையோடு வந்தாள் விவின். இரண்டாவது மாடியில் படுக்கையாகக் கிடக்கும் அம்மாளைப் பார்த்துக்கொள்ள இந்தோனேசியாவிலிருந்து வந்த பெண்.

“தாத்தா, யாருக்காக நிக்கிறீங்க?”

அவள் தாத்தா என்று கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. “வண்டிக்கு. வேற எதுக்கு நிப்பேன், கல்யாண ஊர்வலத்துக்கா?”

விவின் பையைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். குடையைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்தாள்.

“இன்னிக்கு புதன்கிழமை, தாத்தா.”

வென்னுக்கு ரத்தம் காதுக்கு ஏறியது. இடது காதுக்குக்கூட. மேலே பார்த்தார். நாலாவது மாடிப் பால்கனியில் யூ-ஜு இல்லை. அவள் தொடர்நாடகம் பார்க்கிற நேரம். அவள் ஏன் தடுக்கவில்லை? அவள் குளித்துக்கொண்டிருந்தபோது இவராகக் கிளம்பி வந்துவிட்டார். கால அட்டவணை எழுதினவர், கிழமையை எழுத மறந்துவிட்டார். கால் தாமதிக்கலாம். காது தாமதிக்கலாம். ஒரு முழு நாள் நழுவுவதற்கு என்ன பெயர்?

“யார்கிட்டயும் சொல்லாத” என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

“சொல்ல மாட்டேன்.” விவின் நகரவில்லை. “நான் வந்த புதுசுல ஒரு புதன்கிழமை இதே எடத்துல ஒரு மணி நேரம் நின்னேன், தாத்தா. மழை வேற. பாஷை தெரியாது. பாத்தவங்க எல்லாம் பாத்துட்டே போனாங்க. ஒருத்தரும் சொல்லல.”

“நானும் பாத்துருப்பேனா?”

“நீங்கதான் முதல் ஆள்” என்று சிரித்தாள் விவின். “ஸ்கூட்டர்ல போனீங்க. வேகமா.”

வென் அவளோடு படியேறினார். செருப்பு அலமாரி நிறுத்தத்தில் வழக்கமான இரண்டு நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். அங்கேயே விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. பையை வைத்துவிட்டு, மகளுக்குத் தொலைபேசி செய்து, ‘வரேன்’ என்று ஒரு வார்த்தை. யாரும் சிரிக்க மாட்டார்கள். எல்லோரும் நல்லது என்பார்கள். அதுதான் கொடுமை.

பிறகு எழுந்து மேலே போய், கதவில் ஒட்டிய தாளைப் பிய்த்து எடுத்து, முதலிலிருந்து புதிதாக எழுதினார். இம்முறை எழுத்தெல்லாம் பேருந்து நெற்றியில் இருக்க வேண்டிய அளவுக்குப் பெரிது. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி. ஒவ்வொன்றின் கீழும் ஆணி. காலையில் எழுந்ததும் அன்றைய ஆணியில் தொப்பியை மாட்டுவது. ஆணியில் தொப்பி இல்லாத நாள் வண்டி இல்லாத நாள். யூ-ஜு தொடர்நாடகத்தை விட்டு எழுந்து வந்து பார்த்தாள். தரையில் இருந்த பையையும் பார்த்தாள். சுத்தியலை அவர் கையிலிருந்து வாங்கி, கோணலாக இருந்த வியாழக்கிழமை ஆணியை இரண்டு தட்டுத் தட்டி நேராக்கினாள். அவ்வளவுதான்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. பத்தொன்பது வண்டி பிடித்தாகிவிட்டது. இருபதாவதைப் பார்க்க லின்கோவிலிருந்து பெய்-ஷான் நேரில் வந்து சந்து முனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வென் 6.31க்கு வந்து சேர்ந்தார்.

“சீக்கிரம் வந்துட்டீங்களேப்பா.”

“சீக்கிரமா வரல. அட்டவணைப்படி வந்திருக்கேன்.”

சனிக்கிழமை என்பதால் ஆ-ஷியாவின் கல்லைச் சுற்றி எட்டு பேர். அவளுக்குத் தலை நிமிர நேரமில்லை. ஆறு முப்பத்தெட்டுக்குத்தான் தன் பையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. “யாராச்சும் இத திருப்பிப் போடுங்கய்யா!” என்று கரண்டியை ஒரு வாடிக்கையாளர் கையில் திணித்துவிட்டு, சந்தின் கோடிக்கு நடந்தாள். ஓடவில்லை. இடுப்பு அறுவைக்குப் பிறகு அவளும் ஓடுவதை விட்டு ஒரு வருடம் ஆயிற்று.

பாட்டு வந்தது. வண்டியும் வந்தது. நாலாவது மாடியிலிருந்து யூ-ஜு, “யோவ், வந்துருச்சு!” என்று கத்தினாள், அவர் கண்ணெதிரிலேயே வண்டி நின்றிருந்தபோதும். அவள் வேலையை அவள் விடுவதாயில்லை.

சந்து ஜனங்கள் ஒவ்வொருவராக வீசினார்கள். வென் முதலில் வாளியை வண்டியின் பின்னால் இருந்த மிச்சச் சோற்றுப் பீப்பாயில் கவிழ்த்தார். நீலப் பையை ஓங்கினார். அப்போதுதான் சந்துக்குள்ளே பார்த்தார். ஆ-ஷியா, கடைசி வீட்டு வாசலிலிருந்து, ஒரு கையில் பையை இழுத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்கிக் காட்டியபடி வந்துகொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

அந்தத் தூக்கிய கையை அவருக்கு நன்றாகத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் பக்கக் கண்ணாடியில் பார்த்த கை. கண்ணாடியில் அது எப்போதும் சின்னதாக இருந்தது. நேரில் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஓங்கிய பையை இறக்கினார்.

“அப்பா, போடுங்க!” என்றாள் பெய்-ஷான்.

“ஒரு நிமிஷம் நில்லு தம்பி,” என்றார் வண்டிக்குப் பின்னால் நின்ற ஊழியரிடம். “ஒரு ஆளு வருது.”

“போடுறதுன்னா போடுங்க பெரியவரே. எங்களுக்கும் நேரம் இருக்கு.”

 அது வென்னுடைய வசனம். அதற்குப் பதில் சொன்னவர்கள் யாரும் அவர் காதில் விழும் தூரத்தில் இருந்ததில்லை. தன் பை கையில் இருக்கும்வரை வண்டியைக் கிளப்ப மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, பையை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி கிளம்பிவிட்டது. பாட்டும் கூடவே போயிற்று.

ஆ-ஷியா வந்து சேர்ந்தாள். அவர் கையில் இருந்த பையைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

“என்ன டிரைவரண்ணே, போடலியா?”

“கையிலதான் வெச்சிருந்தாரு!” என்றாள் பெய்-ஷான். கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் ஜெயித்ததற்கு ஏன் அழுகை வருகிறது என்று அவளுக்கே புரியவில்லை. “போட்டிருக்கலாம்ப்பா. ஒரு வீச்சுதான!”

வென் அதற்குள் ஆ-ஷியாவின் பையையும் பிடுங்கிக்கொண்டார். காலி வாளியை முழங்கையில் மாட்டினார்.

“நடங்க” என்றார். “மெயின் ரோடு சிக்னல் தொண்ணூறு விநாடி சிவப்பு. அப்புறம் வலது பக்கம் திரும்பணும். சனிக்கிழமை அங்க ஸ்கூட்டர் நிறுத்தியிருப்பானுங்க, பெரிய வண்டி ஒடிக்க முடியாது, ரெண்டு தடவ பின்னால எடுக்கணும். அடுத்த நிறுத்தம் மண் தெய்வக் கோயில். அவன் சுத்திட்டு வரணும். நமக்குச் சுவத்து இடுக்கு இருக்கு.”

“நான் பைய வாங்கிக்கிறேன்” என்று பெய்-ஷான் கை நீட்டினாள்.

“தொடாத. பந்தயம் முடியல. உனக்குக் கை சும்மா இருந்தா அவங்களப் பிடிச்சுக்கோ.”

இரண்டு வரிசைக் கட்டடங்களின் முதுகுக்கு நடுவே ஓர் ஆள் போகிற அளவுக்கு இடுக்கு. மேலே காயப்போட்ட துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன. வென் முன்னால். அவர் ஓடவில்லை. ஓடினால் விழுவார் என்று அவருக்குத் தெரியும். விழுந்தால் யூ-ஜுவுக்குக் கேட்காத தூரம். ஒரு கால், மறு கால், ஒரு கால், மறு கால். நிற்காத நடை. பின்னால் ஆ-ஷியா பெய்-ஷானின் தோளைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

“முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கோயிலுக்கு ஓட வெச்ச. இப்ப மறுபடியும். ஒன் கையால எனக்கு இந்த ரூட்டுதான் எழுதியிருக்கு.”

“அப்ப வெங்காயத்தாள் மட்டும் சவாரி போச்சு. இப்ப நானும் கூட வரேன்ல.”

“பெரிய மனசு!”

கோயில் வாசலில் அந்தச் சந்துக்காரர்கள் பதினைந்து பேர் பைகளோடு நின்றிருந்தார்கள். அந்நியச் சந்துக் குப்பையைக் கண்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள், கல்யாணத்துக்கு அழைக்காமல் வந்தவர்களைப் பார்ப்பது போல. வென் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு பைகளையும் பிடித்தபடி, முன்வரிசையில் போய் நின்றார். நெஞ்சு தாளம் போட்டது. உதட்டில் உப்புக் கரித்தது. வாளியைக் கழற்றிக் கோயில் படியில் வைத்தார்.

பெய்-ஷான்தான் முதலில் கேட்டாள். “அப்பா, பாட்டு.”

அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் நம்பினார்.

வண்டி திரும்பி வந்து நின்றது. பின்னால் நின்ற ஊழியர் அவரைப் பார்த்து வாயைப் பிளந்தார். வென் முதலில் ஆ-ஷியாவின் பையை வீசினார். பிறகு தன்னுடையதை. இரண்டும் உள்ளே போய், இரும்புப் பல்லுக்குள் அரைபட்டன.

“இருபது” என்றார்.

“இது நம்ம நிறுத்தம் இல்லையே” என்றாள் பெய்-ஷான். ஆனால் வங்கிக் குரல் வரவில்லை.

“நடுவர் சொல்லட்டும்.”

எல்லோரும் ஆ-ஷியாவைப் பார்த்தார்கள். கோயில் சந்துக்காரர்கள் உட்பட. ஆ-ஷியா இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கி, அவசரப்படாமல் வாயைத் துடைத்துக்கொண்டாள். முப்பது வருடமாகக் காத்திருந்த நாற்காலி, சும்மா இறங்கிவிடுவாளா?

“வண்டி அதே வண்டி. டயர் உருளல. எந்த நிறுத்தம்னு பேச்சுல இல்ல,” என்றாள். பிறகு வென் பக்கம் திரும்பாமலே, “வெங்காயத்தாள் வழக்கு மட்டும் இன்னும் முடியல. அது தனி” என்றாள்.

கல்லின் மேல் அவள் விட்டுவந்த ரொட்டி கரிந்துபோயிருந்தது. கரண்டி வாங்கிய வாடிக்கையாளர் கடமையோடு அதைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

படியேற வேண்டியிருந்தது. இரண்டாவது மாடியில் ஒரு நிமிடம் நின்றார். மூன்றாவது மாடியில், செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்தார். பெய்-ஷான் என்ன என்று பார்த்தாள்.

“நிறுத்தம்” என்றார். “இங்க ரெண்டு நிமிஷம் நிக்கும்.”

அவளும் ஒரு படியில் உட்கார்ந்தாள். அப்பாவின் முழங்கையில் இருந்த பழைய காயத்தின் மஞ்சள் கறையை அப்போதுதான் பார்த்தாள். கேட்க வாயைத் திறந்தாள்.

“பேச்சு என்ன?” என்றார் வென். “நான் பிடிச்சா நீ வாயத் தொறக்கக் கூடாது.”

அவள் மூடிக்கொண்டாள். வென்னே பேசினார்.

“எப்பவும் இப்படி ஓடும்னு நான் சொல்லல. கால் ஒரு நாள் நிக்கும். அன்னிக்கு நானே போன் பண்ணுவேன். ஒங்கம்மாவும் நானும் பேசி, நாங்களா பண்ணுவோம். அதுவரைக்கும் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி.”

“புதன்?”

“புதன் வண்டி கெடையாது” என்றார் வென், ரொம்ப அழுத்தமாக. “எனக்கு நல்லாவே தெரியும்.”

மேலே கதவு திறக்கும் சத்தம். அது அவருக்கே கேட்டது.

“யோவ்! போட்டியா இல்லியா?”

“போட்டாச்சு!”

“வாளி எங்க?”

வென் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். வாளி மண் தெய்வக் கோயில் படியில் காவல் காத்துக்கொண்டிருந்தது. மெதுவாக எழுந்து, கைப்பிடியைப் பிடித்து, கீழே ஒரு படி இறங்கினார். நின்றார். நாற்பத்தெட்டுப் படி கீழே. பிறகு சுவர் இடுக்கு. பிறகு அதே தூரம் திரும்ப.

பெய்-ஷான் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். ஆனால் பேச்சு இருந்ததால் வாயைத் திறக்கவில்லை, கண்ணால்தான் கேட்டாள்.

வென் யோசித்தார். மறுபடி செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்தார்.

“குப்பைதான் பந்தயத்துல,” என்றார். “வாளி இல்ல. போ, எடுத்துட்டு வா. அந்தச் சந்துக்காரனுங்க எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்.”

அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். வென் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எத்தனை நிமிடத்தில் திரும்புகிறாள் என்று கணக்கு எடுப்பதாக உத்தேசம்.